பின் ஸீட்டில் செவலையும் மணியும்

சென்னை முதல் ராஜபாளையம் வரை: நாய்களோடு நெடுஞ்சாலையில் ஒரு பகல்

பங்குனி பிறந்துவிட்டால் தெற்கே போகும் சாலைகளில் கூட்டம் கூடிவிடும். குலதெய்வம் கும்பிட, மாரியம்மன் பொங்கல் பார்க்க, பரீட்சை முடிந்த பிள்ளைகளைத் தாத்தா வீட்டில் விட என்று ஆளுக்கொரு காரணம். அந்த வண்டிகளைக் கொஞ்சம் கவனித்துப் பாருங்கள். பல வண்டிகளின் பின் கண்ணாடியில் மூக்கை ஒட்டவைத்துக்கொண்டு ஒரு நாய் வெளியே பார்த்தபடி வரும்.

வீட்டில் நாலு பேர் இருந்த காலத்தில் இந்தக் கவலை இல்லை. போகிறவர்கள் போவார்கள், இருக்கிறவர்கள் நாய்க்குச் சோறு வைப்பார்கள். அடுக்குமாடி வீட்டைப் பூட்டிக்கொண்டு கிளம்புகிறவர்கள் நாயை எங்கே விடுவது? காப்பகத்தில் விட எல்லோருக்கும் வசதி இருக்காது, மனசும் வராது. அதனால் கூடவே ஏற்றிக்கொள்கிறார்கள். நல்ல முடிவுதான். ஆனால், நாய்க்கு வண்டியை நிறுத்தச் சொல்லத் தெரியாது. தாகம் எடுத்தால் கேட்காது. உடம்பு கொதித்தாலும் வாலை ஆட்டிக்கொண்டு நம் முகத்தைத்தான் பார்க்கும். அதனால் அதன் உடம்பை வைத்துத்தான் பயணத்தின் நேரக் கணக்கைப் போட வேண்டும். எத்தனை மணிக்குக் கிளம்பலாம், எங்கே நிற்கலாம், எப்போது ஓட்டவே கூடாது என்பதெல்லாம் அந்தக் கணக்கில் அடக்கம்.

பங்குனிப் பொங்கலுக்காக நானும் தம்பியும் செவலையையும் மணியையும் அழைத்துக்கொண்டு ராஜபாளையம் பக்கம் இருக்கும் எங்கள் ஊருக்குப் போன ஒரு நாளை வைத்தே இதைச் சொல்லலாம். தூரம் சுமார் 550 கிலோமீட்டர். செவலை, சிப்பிப்பாறை இனத்துப் பெண். ஒட்டிய வயிறு, நீண்ட கால்கள், செங்காவி நிறம். மணி தெருவில் பிறந்தவன். மேல்மருவத்தூர் பக்கம் சாலையின் நடுத்திட்டில், அரளிச் செடிகளுக்கு இடையே குட்டியாகக் கிடந்தவனைத் தம்பிதான் தூக்கி வந்தான்.

முந்தின நாளே தொடங்கும் வேலை

இரவு ஒன்பது மணிக்கே இரண்டுக்கும் சாப்பாடு முடிந்துவிட்டது. வழக்கத்தில் பாதி அளவு தயிர்ச் சோறு, கொஞ்சம் வேகவைத்த கோழி. வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு வண்டியில் ஏறும் நாய் வாந்தி எடுக்கும். கிளம்புவதற்கு மூன்று, நாலு மணி நேரத்துக்கு முன்பே கடைசிச் சாப்பாட்டை முடித்துவிட வேண்டும். குட்டிகளுக்கு இந்தத் தொல்லை அதிகம். உடம்பின் சமநிலையைப் பார்த்துக்கொள்ளும் உட்காது அவற்றுக்கு முழுதாக வளர்ந்திருக்காது. அடிக்கடி கொட்டாவி விடுவது, உதட்டை நக்குவது, எச்சில் ஒழுக உட்கார்ந்திருப்பது எல்லாம் வாந்திக்கு முன்னறிவிப்புகள். உடனே வண்டியை ஓரங்கட்டி, இறக்கி நாலடி நடக்கவிட்டால் பெரும்பாலும் சரியாகிவிடும். மனிதர்களுக்கான வாந்தி மாத்திரையைக் கைக்கணக்கில் உடைத்துக் கொடுப்பது ஆபத்து. மாத்திரை வேண்டும் என்றால் கால்நடை மருத்துவர்தான் எடை பார்த்து எழுத வேண்டும்.

தடுப்பூசிப் புத்தகம் கையில் இருக்க வேண்டும். ரேபிஸ் ஊசி போட்ட தேதி அதில் தெளிவாகத் தெரிய வேண்டும். விலங்குகளை ஏற்றிச் செல்வது பற்றிய மத்திய அரசின் 1978ஆம் ஆண்டு விதிகளில் நாய், பூனைகளுக்கென்று தனி அத்தியாயமே இருக்கிறது. பயணம் செய்யும் நிலையில் இருக்கிறது, தொற்று நோய் எதுவும் இல்லை என்று மருத்துவர் தரும் சான்றிதழை அது கேட்கிறது. கோடையில் நாலு மணி நேரத்துக்கு ஒரு முறையும், குளிர் காலத்தில் ஆறு மணி நேரத்துக்கு ஒரு முறையும் குடிக்கத் தண்ணீர் தர வேண்டும் என்றும் சொல்கிறது. அது குறைந்தபட்சக் கணக்கு. நம் ஊர் வெயிலுக்கு இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை நிறுத்துவதே சரி.

பெல்ட் நமக்கு மட்டும் போதாது

அதிகாலை நாலு மணிக்கு வண்டி கிளம்பியது. பின் ஸீட்டில் பழைய ஜமக்காளம் விரித்து, முன் ஸீட்டுக்கும் பின் ஸீட்டுக்கும் நடுவே உள்ள பள்ளத்தைத் தலையணை வைத்து அடைத்திருந்தோம். இரண்டுக்கும் நெஞ்சைச் சுற்றிப் போடும் வார்ப்பட்டை. அதிலிருந்து ஒரு சிறு வார், ஸீட் பெல்ட் கொக்கியில் மாட்டப்பட்டிருக்கும். உட்காரலாம், படுக்கலாம், திரும்பலாம். முன்னால் தாவ முடியாது. இந்த வாரைக் கழுத்துப் பட்டையில் மாட்டக் கூடாது. சட்டென்று பிரேக் போட்டால் மொத்த இழுப்பும் கழுத்தில் விழும்.

மடியில் நாயை வைத்துக்கொண்டு ஓட்டுகிறவர்களைத் தினமும் பார்க்கிறோம். மணிக்கு 60 கிலோமீட்டரில் போகும் வண்டி எதிலாவது மோதி நின்றால், கட்டப்படாத நாய் அதே வேகத்தில் முன்னால் பாயும். நாலு மாடி உயரத்திலிருந்து தரையில் விழுவதும் அதுவும் வேகத்தில் ஒன்றுதான். முன் ஸீட்டில் இருந்தால் ஏர்பேக் வேறு. அது மனித உடம்பை மனதில் வைத்து வெடிப்பது. நாயின் முகத்துக்கு நேராக விரிந்தால் உயிர் தப்புவது அரிது.

பரனூர் டோல்கேட் தாண்டியதும் மணி ஜன்னலுக்காக முனக ஆரம்பித்தான். காற்று முகத்தில் அடிப்பது நாய்களுக்குப் பிடிக்கும். வழியெல்லாம் வரும் வாசனைகளைச் சேர்த்துப் பிடிக்கும் சந்தோஷம் அது. ஆனால் 80 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு மணல் துகள் போதும், விழிப்படலத்தில் கீறல் விழ. இந்தத் தொல்லை காரில் நெடுந்தூரம் போன முதல் நாய்கள் காலத்திலேயே தெரிந்துவிட்டது. 1903இல் ஹொரேஷியோ நெல்சன் ஜாக்சன் என்ற அமெரிக்க மருத்துவர், மே 23ஆம் தேதி சான் பிரான்சிஸ்கோவில் கிளம்பி ஜூலை 26ஆம் தேதி நியூயார்க் போய்ச் சேர்ந்தார். அமெரிக்காவைக் குறுக்காகக் காரில் கடந்த முதல் பயணம் அது. வழியில் ஐடஹோவில் 'பட்' என்ற புல்டாக்கை வாங்கிக் கூட ஏற்றிக்கொண்டார். கூரை இல்லாத வண்டி, மண் பாதை. புழுதி அடித்து நாயின் கண்கள் சிவந்து வீங்கவே, தாம் போட்டிருந்ததைப் போலவே அதற்கும் ஒரு கண்ணாடி மாட்டிவிட்டார். கண்ணாடி போட்டு உட்கார்ந்திருக்கும் பட்டின் புகைப்படங்கள் இன்றும் இருக்கின்றன. நமக்கு அந்தச் சிரமம் இல்லை. ஜன்னலை மூக்கு நுழையும் அளவுக்கு மட்டும் இறக்கினால் போதும். மணிக்கு வாசனை கிடைத்தது, கண்ணுக்கும் பழுதில்லை.

கதவைத் திறக்கும் முன் கயிறு

விக்கிரவாண்டி தாண்டிப் பொழுது விடிந்ததும் முதல் நிறுத்தம். இங்கே எங்களுக்கு ஒரு கண்டிப்பு உண்டு. கயிறு கையில் சுற்றப்பட்ட பிறகுதான் வண்டியின் கதவு திறக்கும். "பிடிச்சிட்டியா?" என்று தம்பி கேட்பான், "பிடிச்சிட்டேன்" என்று நான் சொல்ல வேண்டும். அதன் பிறகுதான் கொக்கி கழலும். வீட்டில் கூப்பிட்ட குரலுக்கு ஓடிவரும் நாயும், புது இடத்தில், லாரி ஹாரன் சத்தத்தில் மிரண்டால் எந்தப் பக்கம் ஓடும் என்று சொல்ல முடியாது. நாலுவழிச் சாலையில் செத்துக் கிடக்கும் நாய்களைப் பார்க்காமல் நூறு கிலோமீட்டர் போக முடிவதில்லை. கழுத்தில் பட்டையோடு கிடப்பவையும் உண்டு. ஒவ்வொன்றும் யாரோ ஒருவர் பெயர் வைத்துக் கூப்பிட்ட நாய்.

நிறுத்தும் இடத்தையும் பார்த்துத் தேர்ந்தெடுக்க வேண்டும். ஓட்டல் வாசல் ஏற்கெனவே வேறு நாய்களின் எல்லை. அங்கே நம் நாயை இறக்கினால் சண்டை நிச்சயம். தடுப்பூசி முடியாத குட்டிகளை அங்கே தரையில் விடவே கூடாது, பார்வோ வைரஸ் மண்ணில் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். உயரமான புல்லுக்குள் உண்ணி காத்திருக்கும். நம் ஊர் நாய்களை வாட்டும் உண்ணிக் காய்ச்சல் வருவது அதன் கடியால்தான். வண்டியில் ஏற்றும் முன் காது மடலுக்குள், விரல் இடுக்குகளில், வாலடியில் விரலை விட்டுத் தடவிப் பார்த்துவிட வேண்டும். பல இடங்களில் நடுத்திட்டு முழுக்க நட்டிருக்கும் அரளியின் இலை, பூ, பட்டை எல்லாமே நாய்க்கும் விஷம். ஓட்டல்காரர் அன்போடு போடும் பிரியாணி எலும்பும் வேண்டாம். வெந்த கோழி எலும்பு சில்லாக உடைந்து குடலைக் குத்தும்.

பெரம்பலூருக்கு முன் ஒரு டீக்கடையில் நின்றோம். கடைக்காரப் பெரியவர் செவலையை மேலும் கீழும் பார்த்தார். "சிப்பிப்பாறைதானே இது? எங்க அப்பா வச்சிருந்தாரும்மா. முயல் எந்திரிச்சா கண்ணு அத விட்டு நகராது" என்றவர், நாங்கள் கேட்காமலேயே ஒரு சட்டியில் தண்ணீர் வைத்தார். மணி சளப் சளப்பென்று குடித்தான். செவலை இரண்டு வாய் நக்கிவிட்டு அவர் கையை மோந்து பார்த்தாள்.

விராலிமலை மயில்

சமயபுரம், கொள்ளிடம், காவிரி எல்லாம் தாண்டி விராலிமலையை நெருங்கும்போது பத்தரை மணி. மயில்களுக்குப் பேர்போன ஊர். வேப்ப மரத்தடியில் நிறுத்தி இரண்டையும் இறக்கினோம். மணி வழக்கம்போல ஒவ்வொரு கல்லாக மோந்துகொண்டு போனான். செவலை நின்ற இடத்திலேயே நின்றாள். காது இரண்டும் பின்னால் மடிந்தன. முன்னங்கால் ஒன்று மெல்ல உயர்ந்து அந்தரத்தில் நின்றது. தொடைச் சதை மட்டும் நடுங்கியது. தூரத்தில், காய்ந்த சோளத் தட்டைக்குள் ஓர் ஆண் மயில் தோகையை இழுத்துக்கொண்டு போனது. என் கண்ணுக்கு அது தெரிவதற்கு முன்பே கயிறு விண்ணென்று இழுபட்டது. மணிக்கட்டில் இரண்டு சுற்று சுற்றியிருந்ததால் பிடித்து நிறுத்த முடிந்தது.

மணி மூக்கால் உலகைப் படிப்பவன், செவலை கண்ணால் படிப்பவள். சிப்பிப்பாறை, கன்னி போன்ற இனங்கள் பார்வையை வைத்து வேட்டையாடப் பழக்கப்பட்டவை. ஒடுங்கிய நீள முகத்தில் கண்கள் பக்கவாட்டில் அமைந்திருப்பதால் நமக்குத் தெரிவதைவிட மிக அகலமான பரப்பு இவற்றுக்குத் தெரியும். தலைமுறை தலைமுறையாக ரத்தத்தில் ஊறிய ஓட்டம் அது, அதட்டி நிறுத்த முடியாது. மயில் நம் தேசியப் பறவை, வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் பட்டியலில் இருப்பது. நாய் கடித்தாலும் பொறுப்பு கயிற்றைப் பிடித்திருப்பவருடையதுதான். காட்டோரங்களில் இன்னும் ஜாக்கிரதை வேண்டும். நாய்களைத் தாக்கும் 'டிஸ்டெம்பர்' வைரஸ் 2018இல் குஜராத்தின் கிர் காட்டில் சிங்கங்களையே சாகடித்தது. எங்கள் ஊர்ப் பக்கத்து மலைத்தொடர் 2021இல் ஸ்ரீவில்லிபுத்தூர்-மேகமலைப் புலிகள் காப்பகம் ஆகிவிட்டது. அங்கே ஓடைக்குக் குளிக்கப் போகிறவர்கள் நாயை வீட்டிலேயே விட்டுவிட்டுப் போவதுதான் காட்டுக்கும் நாய்க்கும் நல்லது.

பத்து நிமிடம் போதும்

மேலூருக்கு அருகே மதியச் சாப்பாடு. ஓட்டலுக்குள் நாய்க்கு அனுமதி இல்லை. நான் முதலில் சாப்பிட்டு வர, தம்பி புளிய மர நிழலில் இரண்டையும் பிடித்துக்கொண்டு நின்றான். நான் வெளியே வந்தபோது அவன் பார்வை வேறு பக்கம் இருந்தது.

"அக்கா, அந்த வெள்ளை வண்டிக்குள்ள பாரு."

வெயிலில் நின்ற காரின் பின் ஸீட்டில் ஒரு பக் நாய். ஜன்னல் இரண்டு விரற்கடை திறந்திருந்தது. நாக்கு செங்கல் நிறத்தில் வெளியே தொங்கியது, வாயோரம் கெட்டியான எச்சில், கால்கள் தள்ளாடின. நான் ஓட்டலுக்குள் ஓடி, வண்டி எண்ணைச் சொல்லிச் சத்தம் போட்டேன். ஒரு குடும்பம் பதறி எழுந்து வந்தது. "அஞ்சு நிமிஷம்தாங்க ஆச்சு, ஜன்னல்கூடத் திறந்து வச்சிருந்தோமே" என்றார் அந்த வீட்டம்மா. நிஜமாகவே அப்படித்தான் நம்பியிருந்தார். அவர்கள் குழந்தை அழுத அழுகை இன்னும் காதில் இருக்கிறது.

வெளியே 35 டிகிரி வெயில் என்றால், நிறுத்திவைத்த காருக்குள் பத்தே நிமிடத்தில் 45 டிகிரியைத் தொட்டுவிடும். அரை மணியில் 50ஐத் தாண்டும். ஜன்னலைச் சற்று இறக்கிவைப்பதால் பெரிய மாற்றம் வருவதில்லை. நாயின் இயல்பான உடல் வெப்பமே 38 முதல் 39 டிகிரி. நம்மைப் போல உடம்பு முழுக்க அதற்கு வியர்க்காது, பாதங்களில் மட்டும் கொஞ்சம் வியர்க்கும். மற்றபடி இரைத்து இரைத்துத்தான் சூட்டை வெளியேற்ற வேண்டும். சுற்றியுள்ள காற்றே கொதிக்கும்போது இரைத்தும் பயனில்லை. உடல் வெப்பம் 41 டிகிரியை எட்டினால் உள்ளுறுப்புகள் பழுதாகத் தொடங்கும். பக், புல்டாக், ஷிட்சு போன்ற சப்பை மூக்கு நாய்களுக்கு மூச்சுப் பாதையே குறுகலானது. அவற்றுக்கு ஆபத்து இன்னும் சீக்கிரம் வரும்.

நிழலுக்குத் தூக்கி வந்து, குழாய்த் தண்ணீரை வயிற்றிலும் தொடை இடுக்கிலும் பாதங்களிலும் ஊற்றினோம். ஓட்டல்காரர் மேசை விசிறி ஒன்றைக் கொண்டுவந்து வைத்தார். ஐஸ் கட்டியை மேலே வைக்கக் கூடாது, ரத்தக் குழாய்கள் சுருங்கி உள்சூடு வெளியேறாமல் போகும். ஈரத் துண்டைப் போர்த்தி அப்படியே விடுவதும் தவறு. தண்ணீரை வாய்க்குள் ஊற்றவும் கூடாது, அதுவாக நக்கிக் குடித்தால் குடிக்கட்டும். கொஞ்ச நேரத்தில் பக் தலையைத் தூக்கியது. எழுந்து நின்றாலும் மருத்துவரிடம் போயாக வேண்டும், சிறுநீரகப் பாதிப்பு ஓரிரு நாள் கழித்தும் வெளிப்படலாம் என்று சொல்லி, கால்நடை மருத்துவமனைக்கு வழி கேட்டு அனுப்பிவைத்தோம். அந்தக் குடும்பம் நாயை நேசிக்காத குடும்பம் என்று யாரும் சொல்ல முடியாது. காரின் சூடு எப்படி ஏறும் என்பதை அவர்களுக்கு யாரும் சொல்லித் தரவில்லை, அவ்வளவுதான்.

அதன் பிறகு வெயில் தணியும்வரை நாங்கள் அதிக தூரம் ஓட்டவில்லை. ஒத்தக்கடையில் இருக்கும் சித்தி வீட்டில் ஒதுங்கினோம். யானைமலை வெயிலில் தகிக்கும் அந்த நேரத்தில் சிமெண்ட் தரையில் நாலு காலையும் பரப்பி, வயிற்றை ஒட்டிக்கொண்டு இரண்டும் தூங்கின. உச்சி வெயிலில் தார்ச் சாலை 60 டிகிரியை நெருங்கும். புறங்கையைச் சாலையில் ஏழு விநாடி வைத்துப் பாருங்கள். வைக்க முடியவில்லை என்றால் நாயின் பாதமும் அதைத் தாங்காது. பன்னிரண்டு மணி முதல் மூன்றரை வரை பயணத்தை நிறுத்திவைப்பது நேர விரயம் ஆகாது. நாயோடு போகிற பயணத்தில் அது முக்கியமான ஒரு கட்டம்.

கரிசல் நாய்கள்

நாலு மணிக்கு மேல் கிளம்பி, திருமங்கலம், தே.கல்லுப்பட்டி, கிருஷ்ணன்கோவில் வழியாகப் போனோம். வலது பக்கம் மலை தெரியத் தொடங்கியதும் காற்று மாறியது. இந்த மண்தான் ராஜபாளையத்துக்கும் சிப்பிப்பாறைக்கும் கன்னிக்கும் தாய் மண். முதல் இரண்டும் ஊர்ப் பெயரையே இனப் பெயராகக் கொண்ட நாய்கள். 2005 ஜனவரியில் அஞ்சல் துறை வெளியிட்ட நாய்களுக்கான நாலு தபால் தலைகளில் ராஜபாளையத்துக்கும் ஓர் இடம் கிடைத்தது. 2020 ஆகஸ்டில் பிரதமர் தம் வானொலி உரையில் ராஜபாளையம், கன்னி, சிப்பிப்பாறை, கோம்பை இனங்களின் பெயர்களைச் சொல்லி, நாட்டு நாய்களை வளர்க்கச் சொன்னார்.

குட்டையான முடி, மெலிந்த உடம்பு, நீண்ட மூக்கு எல்லாம் வெயிலுக்கு ஏற்ற வாகு. அன்றைய பயணத்தில் செவலையும் மணியும் வாடாமல் வந்ததற்கு எங்கள் கவனிப்பு ஒரு பாதி என்றால், இந்த உடல்வாகு மறு பாதி. பனிப் பிரதேசத்து ஹஸ்கியைச் சென்னையில் ஏ.சி. போட்டு வளர்த்து, கோடையில் நெடுஞ்சாலையில் ஏற்றுகிறவர்கள் இதை யோசிக்க வேண்டும். அந்த நாயின் அடர்ந்த இரட்டை முடி, பொட்டல் வெயிலில் அது கழற்ற முடியாத கம்பளி.

பொழுது சாய ஊர் வந்து சேர்ந்தோம். வாசலில் இருந்த பக்கத்து வீட்டு அண்ணாச்சி, "அசலூர்ல இருந்தாலும் நம்ம ஊர் நாயைத்தான் வளக்கீக, நல்லாருங்க" என்றார். காலையிலிருந்து கணக்குப் பார்த்தால் சுமார் 14 மணி நேரம். நாய்கள் இல்லாமல் வந்திருந்தால் மதியச் சாப்பாட்டுக்கு அடுத்த காபிக்கே ஊரில் இருந்திருக்கலாம். அந்தக் கூடுதல் மணி நேரங்களைக் கொடுக்க மனம் உள்ளவர்கள் மட்டும் நாயை ஏற்றிக்கொண்டு கிளம்பலாம்.

வண்டியில் இருக்க வேண்டியவை

• நெஞ்சு வார்ப்பட்டை, ஸீட் பெல்ட்டில் மாட்டும் சிறு வார், தனியாக ஒரு நடைக் கயிறு.
• கழுத்துப் பட்டையில் உங்கள் கைப்பேசி எண் பொறித்த தகடு. நாயின் சமீபத்துப் புகைப்படம் கைப்பேசியில்.
• வீட்டுத் தண்ணீர் தாராளமாக, அகலமான ஒரு கிண்ணம். தண்ணீர் மாறினால் சில நாய்களுக்கு வயிறு கெடும்.
• தடுப்பூசிப் புத்தகம், மருத்துவர் சான்றிதழ். போகும் வழியில் உள்ள கால்நடை மருத்துவமனைகளின் பட்டியல்.
• பழைய துண்டுகள், ஜமக்காளம், கழிவை அள்ளும் பைகள், உண்ணி பிடுங்கும் குறடு.
• வழக்கமான சாப்பாடு. சாக்லேட், திராட்சை, வெங்காயம் சேர்ந்த எதுவும் நாய்க்கு ஆகாது.

மங்கம்மாள் சாலையில் இருந்தது

அன்று வழியில் நாய்களுக்குத் தண்ணீர் கொடுத்தது ஒரு டீக்கடைப் பெரியவரும், குழாயைத் திறந்துவிட்ட ஓர் ஓட்டல்காரரும். அவர்கள் மனசு பெரிது. டோல்கேட் டோல்கேட்டாகக் கட்டணம் கட்டிக்கொண்டு போகும் சாலையில், தண்ணீருக்கு அவர்களின் மனசை மட்டும் நம்பியிருப்பது சரியில்லை. கழிப்பறை, உணவகம், வண்டி நிறுத்துமிடம் எல்லாம் அமைத்து வழியோர வசதி மையங்கள் கட்டுகிறார்கள். அங்கே ஒரு தண்ணீர்த் தொட்டி, நிழல் தரும் நாலு மரம், வேலி போட்ட ஒரு துண்டு மண் தரை இருந்தால் போதும். நாய்க்கு மட்டும் இல்லை, லாரிகளில் நெருக்கி நிறுத்தப்பட்டு, நாள் கணக்கில் போகும் மாடுகளுக்கும் ஆடுகளுக்கும் அதுவே உயிர்த் தண்ணீர்.

இது வெளிநாட்டைப் பார்த்துக் கேட்கும் வசதி இல்லை. 1689 முதல் 1704 வரை மதுரையை ஆண்ட ராணி மங்கம்மாள் போட்ட சாலைகளின் ஓரத்தில் நிழல் மரங்களும் சத்திரங்களும் இருந்தன. பாரத்தை இறக்கிவைக்கச் சுமைதாங்கி நட்டவர்கள் நம் முன்னோர்கள். ஆடுமாடு குடிக்கத் தொட்டியும், உடம்பைத் தேய்த்துக்கொள்ள ஆவுரிஞ்சு கல்லும் அவர்களே வைத்தார்கள். வாயில்லா ஜீவனும் அந்த வழியாகப் போகும் என்பது அவர்கள் போட்ட சாலைக் கணக்கில் இருந்தது. நாலுவழிச் சாலை போட்ட நாம் அந்தக் கணக்கை விட்டுவிட்டோம். நெடுஞ்சாலைத் துறை அதைத் திரும்பச் சேர்க்க வேண்டும். அதுவரை, நாயை ஏற்றிக்கொண்டு கிளம்பும் ஒவ்வொருவரும் தம் வண்டியில் நிழலுக்கும் தண்ணீருக்கும் வழி செய்துகொண்டுதான் சாலையில் இறங்க வேண்டும்.